தப்பான காலில் ஒரு ஹால்ட்

எங்கள் டிரில் மேடத்துக்குக் கவராயம் என்று பெயர் வைத்தது நான்தான். அந்தப் பெருமையை வேறு யாரும் தட்டிக்கொண்டு போக விடமாட்டேன். அவர் கையில் எப்போதும் ஒரு மரக் கருவி இருக்கும். இரண்டு நீளமான கால்கள், உச்சியில் ஒரு பித்தளைக் கீல். ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ஓடிப்போய் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த கவராயம் போலவே இருக்கும். அதை விரித்துச் சுழற்றிச் சுழற்றி, நாங்கள் வைக்கும் அடி சரியான நீளத்தில் விழுகிறதா என்று அளந்தபடியே கூட வருவார். அடி நீண்டுவிட்டால், "எங்க ஓடுற, பஸ்ஸு போயிடுச்சா?" என்பார். குறைந்துவிட்டால், "என்ன, புதுச் செருப்பு கடிக்குதா?" என்பார்.

எனக்கு அவர் வைத்த பெயர் கிண்கிணி. எனக்குச் சிரிப்பு வியாதி. 'அட்டென்ஷன்' என்று யாராவது கத்தினால் மற்ற பெண்கள் கல்லாகிவிடுவார்கள். எனக்கு மட்டும் வயிற்றுக்குள் யாரோ விரலை விட்டுக் கிச்சுகிச்சு மூட்டுவார்கள். அணியில் சிரித்தால் தண்டனை, மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். மைதானத்தில் எந்த இடத்தில் எந்தக் கல் இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன்.

இப்படிப்பட்ட நான் சார்ஜென்ட் ஆக ஆசைப்பட்டேன். எங்கள் கேடட் படையில் மூன்றாவது பட்டை வாங்கினால்தான் சார்ஜென்ட். சார்ஜென்ட் ஆனால்தான் கிளைடர் முகாமுக்கு அனுப்புவார்கள். எஞ்சினே இல்லாத விமானத்தில் உட்காரவைத்து, கயிறு கட்டி இழுத்து, மேலே கொண்டுபோய் விட்டுவிடுவார்களாம். அப்புறம் காற்றும் நாமும்தானாம். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. ஆனால் அடுத்த பிறந்தநாளோடு எனக்கு வயது வரம்பு தாண்டிவிடும். வரப்போகிற சோதனைதான் கடைசி. அதில் கோட்டைவிட்டால் சீருடையை மடித்துக் கொடுத்துவிட்டு, வானத்தைத் தரையிலிருந்து அண்ணாந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

சோதனை கேட்பதற்கு ரொம்பச் சுலபம். கமாண்டர் ஓர் இடத்தில் அசையாமல் நின்று குரல் கொடுக்க வேண்டும். அணி நடக்க வேண்டும், ஒரு வளைவு வளைய வேண்டும், அதிகாரிக்கு முன்னால் சுண்ணாம்பில் போட்ட கட்டத்துக்குள் வந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான். வில்லங்கம் எல்லாம் 'ஹால்ட்' என்ற ஒரே சொல்லில் இருக்கிறது. அணியின் இடது கால் தரையில் படும்போதுதான் அதைச் சொல்ல வேண்டும். அப்போதுதான் எல்லாரும் ஒரே சத்தத்தில் நிற்க முடியும். வலது காலில் சொல்லிவிட்டால் பாதிப் பேர் நிற்பார்கள், பாதிப் பேர் முன்னால் இருப்பவள் முதுகில் மோதுவார்கள்.

மோதலே நடக்கக் கூடாது என்று கவராயம் ஒரு முடிவு எடுத்திருந்தார். ஒருநாள் வேண்டுமென்றே தப்பான காலில் ஹால்ட் சொல்லி, நின்றவர்களை எல்லாம் ஓடவிட்டார்.

"தப்பான கால்ல விழுற ஆர்டர் ஆர்டரே கிடையாது. யாரோ தும்முறாங்கன்னு நெனச்சுக்கிட்டுப் போயிட்டே இருக்கணும். முன்னால கிணறு இருந்தாலும் சரி."

அன்று சாயங்காலத்துக்குள் தும்மலையும் ஆர்டரையும் பிரித்தறியும் காது எல்லாருக்கும் வந்துவிட்டது. அன்றோடு மழையும் வந்துவிட்டது. மைதானம் குளமாயிற்று. சோதனை நாள் வரைக்கும் பயிற்சி கிடையாது, வீட்டில் பழகிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் பழகுவதற்கு எனக்கு ஓர் அணி வேண்டும் அல்லவா? அப்பா பஸ் டிரைவர். அம்மா சலவைக் கடை வைத்திருக்கிறாள்; அவள் இஸ்திரி போட்ட மடிப்பில் தக்காளி நறுக்கலாம். சித்தி பல் டாக்டரிடம் உதவியாளர். மூன்று பேரையும் சமையலறையிலிருந்து வாசல் கதவு வரைக்கும் இருக்கும் குறுகலான நடையில் ஒருவர் பின் ஒருவராக நிறுத்தினேன். முதலில் அப்பா.

"குவிக் மார்ச்!"

அப்பா வலது காலை எடுத்துவைத்தார். அவரைப் பார்த்து அம்மாவும் வலது கால், சித்தியும் வலது கால்.

"அப்பா, இடது கால்ப்பா!"

"நான் என்ன பண்றது? இந்த வலது கால்தான் நமக்குச் சோறு போடுது. ஆக்ஸிலேட்டர், பிரேக்கு, எல்லாம் அதுதான். அதுதான் முன்னால வரும். இடது கால் சும்மா துணைக்கு."

"அத்தான், நின்னு பேசாதீங்க, நான் அக்கா மேல இடிக்கிறேன்" என்றாள் சித்தி. அவள் கையில் கரண்டி இருந்தது, துப்பாக்கிக்குப் பதிலாக. அம்மாவுக்குச் சிரிப்பு வந்தால் அடக்க முடியாது. வியாதி எனக்கு எந்த வழியில் வந்தது என்று இப்போது புரிந்திருக்கும். கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து, "என்ன, வீடு மாத்துறீங்களா?" என்று ஆசையாக விசாரித்துவிட்டுப் போனார்.

திருத்திப் பார்த்தேன். அப்பா திருந்துவதாக இல்லை. போகட்டும் என்று விட்டுவிட்டேன். அவருடைய இடது கால் எப்போதும் இரண்டாவதாக வந்தது. நானும் இரண்டாவது தட்டில் ஹால்ட் சொன்னேன். அழகாக நின்றார்கள். ஹால்ட் என்றால் அப்பா சோற்றுக் கவளத்தைக்கூட வாய்க்கு முன்னால் நிறுத்துகிற அளவுக்குத் தேறிவிட்டார். நான் உச்சி குளிர்ந்துபோனேன். உலகத்தில் மற்றவர்கள் எல்லாம் முதல் அடியை இடது காலில் வைப்பார்கள் என்பது என் மூளைக்குத் தெரியும். காதுக்கு யாரும் சொல்லவில்லை.

சோதனை நாள். மைதானம் காய்ந்திருந்தது. எங்களைச் சோதிக்க வந்த அதிகாரி பருமனான மனிதர், நரைத்த மீசை, முகத்தில் சிரிப்புக்கு இடமே விடாத ஆள். முதலில் ரோபோ. அவள் என் உயிர்த்தோழி. மூன்று வருஷமாக ஒரு நாள்கூட ஓடும் தண்டனை வாங்காத ஒரே ஜீவன். அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பல் டாக்டரிடம் வேலை செய்யும் சித்தி சொல்லித்தான் அவளுக்குப் பல் இருப்பதே எனக்குத் தெரியும். அவள் குரல் கொடுத்தாள், அணி நடந்தது, வளைந்தது, கட்டத்துக்குள் வந்து நின்றது. ஒரே சத்தம். அதிகாரி தலையசைத்தார். ரோபோ சார்ஜென்ட். திரும்பி வந்து அணியின் வலது ஓரத்தில் முதல் ஆளாக நின்றுகொண்டாள்; அவளைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வரிசை பிடிக்க வேண்டும். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நானாக இருந்தால் கரணம் அடித்திருப்பேன்.

அடுத்தது நான்.

"அணி... குவிக் மார்ச்!"

கிளம்பினார்கள். வளைவில் வளைந்தார்கள், மிட்டாய் வழுக்கினாற்போல. கட்டம் நெருங்கியது. வயிற்றுக்குள் விரல் வேலையைத் தொடங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு, இரண்டாவது தட்டில் விட்டேன்.

"ஹால்ட்!"

தும்மல்.

கட்டத்துக்குள் நுழைந்தார்கள், கட்டத்தைவிட்டு வெளியே போனார்கள். அதிகாரியைக் கடந்தார்கள்.

"ஹால்ட்!" மறுபடியும் தும்மல். "ஹால்ட்! ஹால்ட்!" ஜலதோஷமே பிடித்துவிட்டது. "நில்லுங்கடி!" என்றும் ஒரு தடவை கத்தினேன் என்று பிற்பாடு சொன்னார்கள்; அது எந்தப் படையிலும் ஆர்டர் இல்லை. அணி நேர்கோட்டில் போய்க்கொண்டிருந்தது. நேர்கோட்டின் முடிவில் வாசல். தண்ணீர் லாரி உள்ளே வந்த சமயம் என்பதால் கதவு விரியத் திறந்திருந்தது. அங்கே காவலுக்கு நின்ற புதுப் பெண், ஓர் அணி முழுசாக வருவதைப் பார்த்ததும் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்து வழிவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பாடத்தில் அப்படித்தான் இருக்கிறது.

நான் என் இடத்தைவிட்டு ஓடினேன். கமாண்டர் நகரக் கூடாது என்ற விதி காற்றில் போயிற்று. தெருவுக்கு வந்தபோது அணி மருந்துக்கடையைத் தாண்டியிருந்தது. சலூன் வாசலில் முகத்தில் பாதி நுரையோடு ஒருவர் வந்து நின்று வேடிக்கை பார்த்தார். பின்னாலேயே நாற்காலியிலிருந்து தப்பித்த இன்னொருவர், துண்டோடு. மேஜை நாற்காலி விற்கும் கடையிலிருந்து ஒரு சோஃபாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய இரண்டு கூலிக்காரர்கள், தங்களை அறியாமலே அணிக்குப் பின்னால் அடி பிடித்துவிட்டார்கள்.

"யோவ், நம்ம எதுக்குய்யா லெஃப்ட் ரைட் போடுறோம்?"

"தெரியல. கால் தானா போகுது."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஓடிக்கொண்டே கத்தினேன். கத்திக்கொண்டே ஓடினேன். அப்போது தெருமுனையில் ஒரு பஸ் திரும்பி எங்களைப் பார்த்து வந்தது.

ஒருத்திகூடக் கண்ணைத் திருப்பவில்லை. ஒருத்தியின் அடிகூடக் குறையவில்லை. ரோபோ முன்னால், பார்வை நேராக, பஸ்ஸின் நெற்றியைப் பார்த்து. என் வயிற்றுக்குள் இருந்த கிச்சுகிச்சு அப்படியே உறைந்துபோனது. நான் சரியாகச் சொல்லும்வரை இவர்கள் நிற்கமாட்டார்கள். என் வாயிலிருந்து அது வரும் என்று நம்பி நடக்கிறார்கள். அன்றைக்கு நான் நிஜமாகப் பயந்தது அந்த நொடியில்தான்.

"ஹால்ட்!" என்று அடிவயிற்றிலிருந்து அலறினேன்.

பஸ் நின்றது.

அணி நிற்கவில்லை. பஸ் மட்டும், எட்டத்திலேயே, குலுங்கி நின்றது. ஜன்னல் வழியாக அப்பாவின் தலை வெளியே வந்தது. உள்ளே பயணிகள், "டிரைவர், ஏன் நிறுத்திட்டீங்க?" என்று கூச்சல் போட்டார்கள்.

"எங்க கமாண்டர் சொல்லிட்டாங்க" என்றார் அப்பா, உள்ளே திரும்பி. பிறகு என்னைப் பார்த்து, "பாத்தியா, கரெக்டா நின்னுட்டேன்ல!"

அப்பா நின்றுவிட்டார். இவர்கள் நிற்கவில்லை. எனக்குப் பொட்டில் அடித்தாற்போல் உறைத்தது. இத்தனை நேரமும் நான் கத்தியது அப்பாவின் காலுக்கு!

ஒரே பாய்ச்சலில் ரோபோவின் பக்கத்துக்குப் போனேன். அவள் காலைப் பார்த்து ஒரு குதி குதித்து என் அடியை மாற்றினேன். அவள் இடது, என் இடது. அவள் இடது, என் இடது.

"அபௌட்... டர்ன்!"

மொத்த அணியும் ஒரே சுழற்சியில் திரும்பியது. அதைப் பார்த்து பஸ்ஸுக்குள் கைதட்டினார்கள். நுரைக்காரர் விசிலே அடித்தார். பின்னால் வந்த சோஃபாக்காரர்கள்தான் பாவம். இப்போது அவர்கள் முன்னால் இருந்தார்கள், அணி அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஒதுங்கத் தோன்றாமல் சோஃபாவோடு திரும்பி ஓட்டம் பிடித்தார்கள். அதனால் மைதானத்து வாசலில் முதலில் நுழைந்தது ஒரு சோஃபா, அடுத்தது நாங்கள், அதற்கும் பின்னால் பாதித் தெரு. காவல் பெண் சோஃபாவுக்கும் சல்யூட் அடித்தாள்.

அணியோடு நடந்தபடியே கட்டத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தினேன். கூலிக்காரர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு சோஃபாவை அதிகாரிக்குப் பக்கத்திலேயே இறக்கிவைத்தார்கள். அதிகாரி சோஃபாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கவராயம் கையிலிருந்த கருவியை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"யாரும்மா கமாண்டர்?"

"நான்தான் சார்!"

"நீ நிக்கச் சொன்னியா, இல்லையா?"

"சொன்னேன் சார்! தொண்டை போற அளவுக்குச் சொன்னேன் சார்!"

"அப்புறம் எப்படி ரோட்டுக்குப் போச்சு? சொன்ன பேச்சு கேக்காத அணியா இது? அப்படின்னா மார்க் கொறையப்போறது அவங்களுக்கு. உனக்கில்ல."

யோசித்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்விதான். ஆனால் பஸ்ஸுக்கு எதிரில் அசையாமல் நடந்த அந்த முகங்கள் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. அவர்களைப் போய்ப் பேச்சு கேட்காதவர்கள் என்பதா? எனக்கு வந்த கோபத்தில் மரியாதையெல்லாம் மறந்துபோயிற்று.

"கேக்காத அணியா? சார், தப்புக் கால்ல கத்துனது நான்! அவங்க நிக்காம போனதுதான் சரி! எதுக்க பஸ்ஸு வந்துச்சு சார், ஒருத்தி கண்ணு சிமிட்டல! இந்த மாதிரி ஒரு அணியை நீங்க எங்கயுமே பாத்திருக்க மாட்டீங்க!"

"அப்ப தப்பு உன்னோடது."

"முழுக்க முழுக்க என்னோடது சார்!" என்றேன், பரிசு வாங்கியவள் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. சொந்தக் காசில் சூனியம். கிளைடர் ஒன்று கயிறு அறுந்து, என்னை ஏற்றிக்கொள்ளாமல், மேகத்துக்குள் போவது தெரிந்தது. முதல்முறையாக மைதானத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதிகாரியின் மீசை ஆடியது. முதலில் ஓரம், பிறகு முழு மீசை. தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. கால் தள்ளாடி, பக்கத்தில் இருந்த சோஃபாவில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர வெகுநேரம் ஆயிற்று.

"இன்னொரு தடவை" என்றார். "உன் எடத்துலயே நின்னு. ஆனா ஒண்ணு. இந்தத் தடவை ரோட்டுக்குப் போனா, அப்படியே வீட்டுக்குப் போயிடு."

அணியைத் தொடக்கக் கோட்டுக்குக் கொண்டுபோனேன். தெருவே சுற்றி நின்றது. நுரைக்காரர் முன்வரிசையில், நுரை காய்ந்துவிட்டிருந்தது.

"குவிக் மார்ச்!"

கிளம்பினார்கள். இப்போது என்னைப் பிடித்துக்கொண்டது பயம். பக்கத்தில் நடந்தால் கால் தெரியும். இங்கே, மைதானத்தின் நடுவில் நட்ட கம்பமாக நின்றுகொண்டு, தூரத்தில் வருகிற கால்களில் எது எது? காதைக் கேட்டால் இரண்டாவது என்கிறது. மூளை இல்லை என்கிறது. கூட்டம் வேறு 'லெஃப்ட் ரைட்' என்று தன் பங்குக்கு உதவிசெய்து குழப்பியது. வளைந்தார்கள். கட்டம் நெருங்கியது. எல்லாச் சத்தமும் ஒன்றாகிவிட்டது.

அப்போது கேட்டது.

தக்.

ஒரே ஒரு குதிகால். மற்றக் கால்களின் சத்தத்துக்கு மேலே, கொஞ்சம் கூடுதலாக. ஓரடி விட்டு மறுபடியும், தக். வலது ஓரம். பார்த்தேன். ரோபோ. பார்வை நேராக, முகம் கல்லாக, இடது காலை மட்டும் வேண்டுமென்றே ஓங்கி மிதித்து வந்துகொண்டிருந்தாள். கால் சத்தம் ஏற்ற இறக்கமாக விழுந்தால் கவராயம் தோலை உரித்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியாதா? மூன்று வருஷமாக ஒரு கறையும் இல்லாதவள், சார்ஜென்ட் ஆகி ஒரு மணி நேரம்கூட ஆகாதவள், அதிகாரியின் மூக்குக்கு முன்னால் அடி தப்பி நடந்தாள். தக். எனக்கு நெஞ்சு நிரம்பி, கண்ணும் நிரம்பிவிட்டது.

தக்.

"ஹால்ட்!"

ஒரே சத்தம். கட்டத்துக்கு நட்டநடுவில். தூசி மட்டும்தான் அதற்குப் பிறகும் நடந்தது.

அந்தக் குதிகால் இல்லாமல் எனக்குக் கேட்டிருக்குமா? தெரியாது. அதை ஆராயும் மனநிலையில் அன்றும் நான் இல்லை, இன்றும் இல்லை. அதிகாரி சோஃபாவிலிருந்து எழுந்துவந்து, "சார்ஜென்ட், கழுத்து பட்டனைப் போடு" என்றார். என்னைத்தான். நுரைக்காரர் மறுபடியும் விசிலடித்தார். கூலிக்காரர்கள் எனக்குக் கைகொடுத்துவிட்டுச் சோஃபாவை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள், இடது காலை முதலில் வைத்து.

கூட்டம் கலைந்ததும் கவராயம் நேராக ரோபோவிடம் போனார்.

"உன் இடது கால்ல என்ன?"

"மரத்துப் போச்சு மேடம்."

அவள் வாழ்நாளில் சொன்ன முதல் பொய் என்று நினைக்கிறேன். அவ்வளவு மோசமாக இருந்தது.

"அப்படியா? ரெண்டு ரவுண்டு ஓடு, சரியாப் போயிடும்."

ரோபோ ஓடவில்லை. இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். தண்டனை ஓட்டம் ஓடியதே இல்லை அல்லவா? எந்தப் பக்கமாகத் தொடங்க வேண்டும் என்றே அவளுக்குத் தெரியவில்லை. நான் ஓரடி முன்னால் வந்தேன்.

"நான் கூட்டிட்டுப் போறேன் மேடம்."

"நீ எதுக்கு ஓடணும்?"

"அணியில சிரிச்சதுக்கு மேடம்."

"நீ இப்ப சிரிக்கலையே."

"சிரிக்கப் போறேன் மேடம்."

கவராயம் சட்டென்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "போய்த் தொலைங்க ரெண்டு பேரும்" என்றார். குரல் என்னவோ கொஞ்சம் நடுங்கினாற்போல் இருந்தது.

ஓடினோம். அவர் காதுக்கு எட்டாத மூலைக்குப் போனதும் கேட்டேன்.

"ஏன்டி இப்படிப் பண்ண? உன் பட்டையப் பிடுங்கியிருந்தா?"

ரோபோ அடி மாறாமல் ஓடிக்கொண்டே சொன்னாள்.

"கிளைடர்ல ரெண்டு சீட்டு இருக்கும்டி. பக்கத்துல வேற எவளாவது உக்காந்தா நான் என்ன பேசுறது?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதே இல்லை. எண்ணெய் காணாத கதவு போல, கீச்சுக் கீச்சென்று, நிறுத்தத் தெரியாமல். அதைக் கேட்டு எனக்கு வந்த சிரிப்பில் கால் பின்னி, இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு தாறுமாறான காலில் ஓடினோம்.